பைய மங்கிய நட்சத்திரம்

மாலத்தீவுக்குப் போக வேண்டிய நான் திருநெல்வேலிக்குப் போனேன். காரணம் கேட்டால், நிழல் இடம் மாறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் முற்பாதி. சனிக்கோளின் பெரிய நிலா ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போகிறது, அந்த நேரம் நிலாவின் நிழல் பூமியில் விழும், நிழலின் நடுக்கோடு மாலத்தீவு வழியாகப் போகும் என்று வெளிநாட்டிலிருந்து எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கடிதம் வந்தது. பாஸ்போர்ட் எடுத்தேன். கடல் நிறத்தில் ஒரு தொப்பிகூட வாங்கிவிட்டேன். கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது ஃபேக்ஸ் வந்தது. புதிய கணக்குப்படி நடுக்கோடு வடக்கே நகர்ந்து, தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஓடுகிறதாம். வானத்தில் மயிரிழை பிசகினால் தரையில் நாடே மாறிவிடும்.

“பாஸ்போர்ட்டைப் பத்திரமா வெச்சுக்கோ, திருநெல்வேலிக்கும் தேவைப்படும்” என்றார் எங்கள் தலைவர். சென்னையில் பிறந்து வளர்ந்த எனக்கு அது வெறும் கேலியாகப் பட்டது. போய் இறங்கிய ஒரு மணி நேரத்தில் கேலியில்லை என்று தெரிந்துகொண்டேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். காற்றில்லாத வெறும் கல்லுக்குப் பின்னால் நட்சத்திரம் போனால் சுவிட்சைத் தட்டியதுபோல் சட்டென்று அணையும். காற்று போர்த்திய நிலாவுக்குப் பின்னால் போனால் மெல்ல மெல்ல மங்கும். எவ்வளவு மெல்ல என்று அளந்தால், அங்கே உள்ள காற்றின் அடர்த்தியைச் சொல்லிவிடலாம். நிழலின் சரியான நடுவில் நிற்பவருக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் உண்டு. நிலாவைச் சுற்றியுள்ள காற்று லென்ஸ் மாதிரி வேலை செய்து, எல்லா ஓரத்திலிருந்தும் வெளிச்சத்தை வளைத்து நடுவில் குவிக்கும். மறைவின் சரிபாதியில் ஒரு சிறு பிரகாசம் எழுந்து அடங்கும். அதைப் பிடிக்கத்தான் போனேன். இன்னொரு முறை நம் பக்கத்தில் இப்படி விழுவதற்கு என் ஆயுசு போதாது.

திருநெல்வேலி ஜங்ஷனில் எனக்காகக் காத்திருந்தவர் வேன்காரர் சுடலைமுத்து. ஐம்பது வயது, நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளைச் சட்டை. ஊரே அவரை அண்ணாச்சி என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். கண்ணாடி போட்ட பெண்பிள்ளை பெட்டியோடு வந்து இறங்கினால் அவர் கணக்கில் டீச்சர்தான். “நான் டீச்சர் இல்லைங்க” என்றேன். “சரி டீச்சர்” என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

வேனின் பின்கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். வண்ணார்பேட்டை நெரிசலில் ஒவ்வொரு பஸ்ஸும் எங்களை உரசிக்கொண்டு போக, நான் தொலைநோக்கிப் பெட்டிகளைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். லாட்ஜ் வாசலில் வண்டி நின்றது. இறக்க வேண்டிய பெட்டிகள் மூன்று. அவற்றில் ஒன்றில் ஒளியை அளக்கும் கருவி இருந்தது. நட்சத்திர வெளிச்சத்தை வாங்கி, காகிதத்தில் பேனாவால் கோடு போடும் சாதனம் அது. இந்தப் பயணத்துக்கே அதுதான் உயிர். அண்ணாச்சி வேனுக்குள் நின்று அதைத் தள்ளினார், நான் கீழே நின்று தாங்கினேன். என் தோள்பை வேறு நழுவி முழங்கைக்கு வந்துவிட்டது.

“பைய எறக்குங்க டீச்சர்” என்றார். நான் முழித்தேன். “பைய! பைய எறக்குங்க!” என்று கத்தினார்.

பை இடைஞ்சலாக இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது, நியாயம்தானே என்று நினைத்தேன். ஒரு கையை எடுத்து, தோள்பையைக் கழற்றி, அழுக்குப் படாமல் ஓரமாக இறக்கி வைத்தேன். பின்னாலேயே பெட்டியும் இறங்கியது, தானாக.

“ஏன் டீச்சர் விட்டிய?” என்றார் அண்ணாச்சி, முகம் வெளுத்து.

“நீங்கதானே சொன்னீங்க?”

“நானா விடச் சொன்னேன்?” என்றவர், என்னைப் பார்க்காமல் வேனின் தரையையே பார்த்தார். “தப்பு என் மேலதான். எனக்கு ஏழரை நடக்கு. நான் தொட்டது வெளங்காது.”

அறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்தேன். ஒளியை வாங்கும் கண்ணாடிக் குழாய் முட்டை ஓடு மாதிரி நொறுங்கிக் கிடந்தது. தொலைநோக்கிகள் இரண்டும் பிழைத்திருந்தன. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு, கீழே எஸ்டிடி பூத்தில் தலைவரைக் கூப்பிட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“வேற குழாய் இல்லை. கண்ணால் பார்த்து, டேப் ரெக்கார்டரில் சொல்லி வை. ஆனால் ஒருத்தர் கண்ணை மட்டும் நம்பி யாரும் எதையும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும்” என்றார்.

இரண்டாவது ஆளுக்கு எங்கே போவேன்? இந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே மனிதர், என்னோடு சேர்ந்து பெட்டியைக் கீழே போட்டவர்.

மறுநாள் காலை லாட்ஜுக்குப் பக்கத்து ஓட்டலில் இட்லியைத் தண்ணீர் குடிப்பதுபோல் விழுங்கிக்கொண்டிருந்தேன். விடிய விடியத் தூங்கவில்லை. சாம்பார் வாளியோடு வந்த பரிமாறுகிறவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“பைய சாப்பிடுங்கக்கா. இட்லி எங்கயும் ஓடிராது.”

பக்கத்து நாற்காலியில் கிடந்த என் பையைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். மறுபடி பையைப் பார்த்தேன். பையை எப்படிச் சாப்பிடுவது? அடுத்த நொடி எனக்குப் புரிந்தது. எச்சில் கையோடு வாசலுக்கு ஓடினேன். அண்ணாச்சி வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, பையன்னா என்ன?”

“பையன்னா பையதான். மெல்ல. வெரசலா இல்லாம.”

“எங்க ஊர்ல பையன்னா இது” என்று தோள்பையைத் தூக்கிக் காட்டினேன். “இதை எறக்கச் சொன்னீங்கன்னு நெனச்சுத்தான் பெட்டியை விட்டேன்.”

அவர் பையைப் பார்த்தார். என் கையில் ஒட்டியிருந்த இட்லியைப் பார்த்தார். சிரிப்பு அவருக்கு வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது, வேனைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் சிரித்தேன். சிரித்து ஓய்ந்ததும் அவர் குரல் மாறியது.

“அப்ப அது என் ஏழரை இல்லியா?”

“இல்லை. என் காது.”

துணியைப் பிழிந்து உதறினார். “ரெண்டு வருசமா எது ஒடஞ்சாலும் நாந்தான்னு நெனச்சிட்டு இருக்கேன் டீச்சர். வண்டி படுத்தா நான், மழ பெய்யலன்னாலும் நான். வீட்ல ஒரு தம்ளர எடுக்கவே பயந்து கெடக்கேன்.” அன்று வண்டியை அவர் ஓட்டிய ஓட்டமே வேறாக இருந்தது.

ஆற்றை ஒட்டியே போனோம். சென்னையில் ஆறு என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் சமாச்சாரம். இங்கே ஆற்றில் மனிதர்கள் குளிக்கிறார்கள், அதுவும் அவசரமில்லாமல். வாழை, நெல், வாழை என்று மாறிமாறி வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் அண்ணாச்சி வண்டியை நிறுத்தினார். அங்கே உள்ள சிவன் கோயில் சனிக்கு உரியதாம். சனியின் நிலாவைத் தேடி வந்தவள் சனியின் ஊர் வழியாகவே போகிறேன் என்பது எனக்கே வேடிக்கையாக இருந்தது. சன்னதியில் அவர் நேரே நிற்கவில்லை, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று கும்பிட்டார். “நேருக்கு நேர் பாக்கப்படாது” என்று என்னையும் ஓரமாக நகர்த்தினார்.

மதியம் ஒரு வேப்பமரத்தடியில் அவர் மனைவி பேச்சியம்மாள் கொடுத்தனுப்பிய தூக்குவாளியைத் திறந்தோம். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். சென்னையில் உளுந்து இட்லிக்குள்ளும் வடைக்குள்ளும் அடங்கி வாழ்கிற பிராணி. இங்கே தோலோடு சோற்றில் இறங்கி ராஜ்யம் நடத்துகிறது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு ஏரலில் ஒரு கடையில் உடன்குடிக் கருப்பட்டி போட்ட காபி. அதைக் குடித்தபின் மாலத்தீவை முழுக்க மன்னித்துவிட்டேன்.

நடுக்கோடு விழும் இடம் கொற்கை. பாண்டியர்களின் பெரிய துறைமுகம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். அலை, கப்பல், முத்து என்று எதையோ எதிர்பார்த்துப் போனால், ஒரு குளம், குளத்தங்கரை, பனைமரங்கள், நான்கு ஆடுகள்.

“கடல் எங்க அண்ணாச்சி?”

கிழக்கே கையைக் காட்டினார். “அங்கன, ரொம்பத் தள்ளிப் போயிட்டு.”

“எப்போ போச்சு?”

“ஒரே நாள்லயா போவும்? பைய போயிருக்கும்” என்றார். இந்த முறை நான் பையைப் பார்க்கவில்லை.

குளத்தங்கரை உயரமாக, திறந்த வானத்தோடு இருந்தது. இடம் அதுதான் என்று முடிவு செய்தேன். பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தேன். பெரிய தொலைநோக்கியில் நான் பார்ப்பேன், சின்னதில் அவர் பார்க்க வேண்டும்.

“எதப் பாக்கணும்?”

“சனிக்கு ஒரு நிலா இருக்கு...”

“சனிக்கு நெலா வேறயா?” என்று எழுந்தேவிட்டார். “எத்தன மணிக்கு?”

பொய் சொல்லியிருக்கலாம். “நாளைக்குச் சாயங்காலம், ஏழரைக்கு” என்றேன்.

அவர் குளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏழரை நடக்கிற மனிதரை ஏழரை மணிக்குச் சனியைப் பார்க்கச் சொல்கிறவள் உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன். வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. வேறு ஆள் தேடலாம் என்று நினைத்துக்கொண்டே, சின்னத் தொலைநோக்கியை வெளியே எடுத்து, தூரத்துப் பனைமரத்தின் மேல் திருப்பிச் சரிபார்த்தேன். அவர் வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“கண்ண எங்கன வைக்கணும்? இந்தக் கடைசியிலயா?”

“இல்லை, இதோ பக்கத்துல.” அது கண்ணாடி வைத்த வகை. குழாயின் மேல்முனைக்குப் பக்கவாட்டில்தான் கண் வைக்கும் இடம். பார்க்கிறவர் வானத்துக்கு விலாவைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

அண்ணாச்சி பக்கவாட்டில் நின்று பார்த்தார். மறுபடி நகர்ந்து நின்று பார்த்தார். முகம் தெளிந்தது. “கோயில்லயும் இப்பிடித்தான நிக்கோம். சரி டீச்சர், பாக்கேன்.”

அன்று இருட்டியதும் பழகுவதற்காகச் சனியைக் காட்டினேன். கும்பிட்டுவிட்டுத்தான் கண்ணை வைத்தார்.

“ஏ யப்பா... வளையம்லா போட்டுருக்காரு!” பிறகு வெகு நேரம் கண்ணை எடுக்கவில்லை. “இவரையா ரெண்டு வருசமா ஏசிட்டு இருந்தேன்?” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

பக்கத்தில் இருந்த சின்னப் புள்ளியையும் காட்டினேன். அதுதான் நிலா. நாளை அது ஒரு நட்சத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரே புள்ளியாகத் தெரியும், அப்புறம் புள்ளி மங்கும், நான்கைந்து நிமிடம் கழித்துப் பழையபடி ஆகும், பார்ப்பதை அப்படியே டேப்பில் சொல்ல வேண்டும் என்றேன். நடுவில் எழும் பிரகாசத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. சொல்லிவிட்டால் அவர் அதைத் தேடுவார். தேடுகிற கண் இல்லாததையும் பார்க்கும்.

மூன்றாம் நாள் காலை வண்ணார்பேட்டையில் பேட்டரிகள் வாங்கினோம். என்னிடம் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது, இன்னொன்று அண்ணாச்சியுடையது. அவரிடம் இருந்த கேசட்டில் அவர் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் பதிந்த வில்லுப்பாட்டு. “சவத்த விடுங்க, அடுத்த கொடையில பதிஞ்சிக்கலாம்” என்று, கேசட்டின் முதுகில் இருந்த ஓட்டையில் மறுபடி பதிய வசதியாக அவரே காகிதத்தைச் சுருட்டி அடைத்தார்.

மாலை நான்கு மணிக்கு மேற்கே மலைப்பக்கம் மேகம் திரண்டது. ஐந்து மணிக்கு எங்கள் தலைக்கு மேல் வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்தவளுக்கு வானம் திருநெல்வேலியிலேயே அல்வா கொடுக்கப் பார்க்கிறதே என்று நொந்துகொண்டேன். கரையோரம் ஆடு ஓட்டிப்போன இரண்டு பெண்கள் எங்களைப் பார்த்தபடி போனார்கள்.

“என்னட்டி செய்யுதாவ?”

“டிவிக்கு ஏரியல் வைக்காவ போல.”

“குளத்துக்குள்ள யாரு டிவி பாக்கா?”

ஆறரைக்கு மேகம் கிழக்கே நகர்ந்தது. ஏழு மணிக்குச் சனி பளிச்சென்று நின்றது. அண்ணாச்சியின் தொலைநோக்கியை முப்பது தப்படி தள்ளி வைத்தேன், ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கக் கூடாது என்பதற்காக. முணுமுணுப்பாகத்தான் பேச வேண்டும் என்றும் சொல்லியிருந்தேன். நடுவில் ரேடியோ. டெல்லியிலிருந்து வரும் நேர ஒலிபரப்பு, நொடிக்கு ஒரு தட்டு, நிமிடத்துக்கு ஒரு நீண்ட ஒலி. அது இரண்டு டேப்பிலும் பதியும்.

“குழாயை மெதுவா நகர்த்தணும் அண்ணாச்சி” என்றேன் கடைசியாக.

“பைய நகத்துதேன்” என்று திருத்தினார்.

ஏழரைக்கு இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது புள்ளி மங்கத் தொடங்கியது. சட்டென்று இல்லை. யாரோ விளக்குத் திரியை உள்ளே இழுப்பதுபோல். கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கிற காற்றை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். “மங்குது... பாதி... இன்னும் மங்குது... நிலா மட்டும்தான்” என்று டேப்புக்குச் சொன்னேன். பிறகு காத்திருந்தேன். ரேடியோ தட்டிக்கொண்டே இருந்தது.

அப்போது ஏதோ ஒன்று. புள்ளி லேசாகக் கூடியதா? மூன்று வாரமாக இதையே நினைத்துக்கொண்டு கிடக்கிற கண் இது, இதை எப்படி நம்புவது? “இருக்கலாம்” என்றேன். என் வாயில் வந்தது அவ்வளவுதான். அதற்குள் புள்ளி அடங்கிவிட்டது. இரண்டு நிமிடத்துக்குப் பிறகு நட்சத்திரம் மெல்ல மெல்ல வெளியே வந்து, எல்லாம் முடிந்தது.

அண்ணாச்சி டேப் ரெக்கார்டரை நெஞ்சோடு அணைத்தபடி வந்தார். “மன்னிச்சிருங்க டீச்சர். நான் கெடுத்துட்டேன்.”

“என்ன ஆச்சு?”

“கேளுங்க” என்றார். வேனில் உட்கார்ந்து போட்டுக் கேட்டோம். வில்லுப்பாட்டின் மணிச்சத்தம் கொஞ்சம், ஒரு கடக், பிறகு ரேடியோவின் தட்டு. அதற்கு மேல் அவர் முணுமுணுப்பு:

“டீச்சர், மங்குது... பைய மங்குது... இன்னும் பைய... அடங்கிட்டு.” நீண்ட நேரம் வெறும் தட்டு. “வந்துட்டு! டீச்சர், திரும்ப வந்துட்டு! இல்ல... இல்ல, போவுது. முருகா, பைய வந்து பைய போயிட்டே. நான் தொடல டீச்சர். நான் எதையும் தொடல.”

அதே நிமிடத்தின் நீண்ட ஒலியிலிருந்து விரல் விட்டு எண்ணினேன், அவர் டேப்பில் ஒரு முறை, என் டேப்பில் ஒரு முறை. அவருடைய “வந்துட்டு” என் “இருக்கலாம்” என்பதற்கு மூன்று தட்டு முன்னால் இருந்தது. நான் என்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு நின்ற மூன்று நொடி.

“நான் கெடுக்கலியா?”

“இதைப் பார்க்கத்தான் அண்ணாச்சி வந்தேன்” என்றேன். பிரகாசம் எதனால் எழுந்தது என்று விளக்கிச் சொன்னேன்.

“இத மொதல்லயே சொன்னா என்ன? என் உயிரே போயிட்டு!”

“சொல்லியிருந்தா, பார்த்தது உங்க கண்ணா என் வாயான்னு தெரியாதே.”

யோசித்துத் தலையை ஆட்டினார். பேனா போட்ட கோடு கையில் இல்லை, அதனால் அந்த நிலாவில் இருக்கிற காற்றின் அடர்த்தியை எங்களால் சொல்ல முடியாது. ஆனால் பிரகாசம் எழுந்தது, எந்த நொடியில் என்றும் தெரியும், இரண்டு பேர் சாட்சி. அது போதும், மனசு நிறைந்திருந்தது. அறிக்கையில் அவர் பெயரையும் போடுவேன் என்றேன்.

“போடுங்க. ஏழரை நடக்குன்னு மட்டும் போட்றாதிய” என்றார்.

மறுநாள் ரயிலேற்றிவிட வந்தவர், பேச்சியம்மாள் கொடுத்ததாக ஒரு கருப்பட்டிப் பொட்டலத்தை ஜன்னல் வழியே தந்தார். என் பெட்டிகளையும் அவரே ஒவ்வொன்றாக ஏற்றினார். எதையும் தொடத் தயங்கவில்லை.

எழும்பூரில் இறங்கியதும் போர்ட்டர் ஒருவரைக் கூப்பிட்டேன். ஒளி அளக்கும் கருவியின் பெட்டியை அவர் மேலிருந்து தள்ள, நான் பிளாட்பாரத்தில் நின்று தாங்கினேன். பழைய பயத்தில் வாய் தானாகக் கத்தியது: “பைய எறக்குப்பா! பைய!”

அவர் சட்டென்று ஒரு கையை எடுத்து என் தோள்பையைப் பிடித்தார். “எந்தப் பைம்மா? இதுவா?”

பெட்டியின் கனம் முழுக்க என் முழங்காலில் வந்து உட்கார்ந்தது. வலியிலும் சிரிப்பிலும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெட்டிக்குள் உடைவதற்கு இனி ஒன்றுமில்லை. இரண்டு கேசட்டும் இருந்தது பையில்தான்.

“பெட்டி விழுந்தா விழட்டும்பா” என்றேன். “பையை மட்டும் விடு.”